நாயாற்றில் நிரப்ப முடியாத படிவம்

தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, ஆறுதலாகவே சொல்கிறேன். தொழிற்கடனுக்கு எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம்தானே, பாகுபாடு எங்கே என்று கேட்டீர்கள். அந்த விண்ணப்பம் என்ன கேட்கிறது? படகுப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், பிணைக்கு இரண்டு அரச ஊழியர். தொழிற்கடன் என்றால் பெரும்பாலும் இவைதான்.

முல்லைத்தீவு நாயாற்றுத் தமிழ் மீனவரிடம் இவை எப்படி இருக்கும்? 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு என்று இந்தக் கரையே வெளிக்கிட்டது. போர் முடிந்த பிறகுதான் திரும்ப முடிந்தது. கால் நூற்றாண்டாகக் கடலும் இல்லை, காணியும் இல்லை. பத்திரம் எந்த இடப்பெயர்வில் தொலைந்ததென்றே பலருக்குத் தெரியாது. நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து பருவத்துக்கு வந்து வாடிக் குடில் போடுகிறவருக்கோ தொழில் இப்படி அறுந்ததில்லை. அவரும் உழைப்பாளிதான், சம்மாட்டி முதலாளியிடம் கடன்பட்டவராகவும் இருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு பேரிடமும் அதே பத்திரங்களைக் கேட்பதுதான் பிழை.

அதற்குமேல் 2018 ஆகஸ்ட். சுருக்குவலையையும் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதையும் நிறுத்தச் சொல்லி முல்லைத்தீவு மீனவர் போராடிய அதே மாதம், 13ஆம் திகதி இரவு, நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடி, படகு, எஞ்சின், வலை எல்லாம் எரிக்கப்பட்டன. எஞ்சின் எரிந்தாலும் அதற்குப் பட்ட கடன் அப்படியே நிற்கும்.

அப்படியென்றால் இனத்தைப் பார்த்துக் கொடுப்பதா? அமெரிக்காவில் 2021 இல் கொரோனாவால் நொடிந்த உணவகங்களுக்கு 2,860 கோடி டொலர் ஒதுக்கினார்கள். முதல் 21 நாள் பெண்கள், முன்னாள் படையினர், சிறுபான்மையினருக்கு முன்னுரிமை. ஓர் உணவகக்காரர் வழக்குப் போட, மேன்முறையீட்டு நீதிமன்றம் இன அடிப்படையிலான முன்னுரிமையை மறித்துவிட்டது.

அதனால் எங்கள் படிவம் இனத்தைக் கேட்க வேண்டாம், இழப்பைக் கேட்கட்டும். எத்தனை வருசம் இடம்பெயர்ந்திருந்தீர்கள், எரிந்தது என்ன, வீட்டில் உழைப்பவர் யார்? பத்திரம் இல்லாதவருக்குக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதத்தை ஏற்கட்டும். ஆனால் கொடுத்து முடிந்தபின், யாருக்குப் போனதென்று இனமும் கிராமமும் பிரித்து எண்ணத்தான் வேண்டும். இழப்பு இனம் பார்த்துத்தானே வந்தது.

எண்ணிக்கை தராவிட்டால் நாங்களே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். நாயாற்றிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மற்றவரை ஏன் மறுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கோ. தமிழிலேயே எழுதலாம்.