ஐந்து துளை இருந்தால் போதுமா?

சிவகாசியிலிருந்து சாத்தூர் செல்லும் சாலையோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டிக் கட்டு, நாட்காட்டிச் சுமை என்று ஏதேனும் ஒன்றை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றுள் சிலவற்றில், தொழிற்சாலையில் பூட்டிய கறுத்த இரும்பு டிஸ்க்குக்குப் பதிலாகப் பளபளக்கும் அலாய் சக்கரம் சுழல்வதையும் காண்பீர்கள்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் தம் பிக்கப் வண்டியுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் நான்கு அலாய் சக்கரங்கள். யாரோ கழற்றி விற்றவை. பாதி விலைக்குக் கிடைத்தனவாம்.

"சார், இதிலேயும் அஞ்சு ஓட்டை, வண்டியிலேயும் அஞ்சு ஸ்டட். மாட்டிரலாம்ல?"

"பொறு தம்பி, முதலில் அளந்து பார்த்துவிடலாம்" என்றேன். வெர்னியர் அளவி, இரும்பு அளவுகோல், அடுப்படியிலிருந்து ஓர் உருண்டை சப்பாத்தி மாவு. எங்கள் ஆய்வுக்கருவிகள் இவ்வளவே.

முதல் கேள்வி, துளைகள் எந்த வட்டத்தின்மேல் அமைந்துள்ளன என்பது. ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாகச் செல்லும் அந்த வட்டத்தின் விட்டத்தைப் பட்டறைக்காரர்கள் பி.சி.டி. என்பார்கள். நான்கு துளைச் சக்கரமானால் எதிரெதிர்த் துளைகளுக்கிடையே அளந்தால் விட்டம் நேராகக் கிடைத்துவிடும். ஐந்து துளையில் எதிர்த்துளையே இல்லையே! இங்கேதான் பள்ளியில் கற்ற வடிவியல் கைகொடுக்கிறது. ஐந்து மையங்களும் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் முனைகள். அடுத்தடுத்த இரு முனைகளை இணைக்கும் நாண், மையத்தில் 72 பாகைக் கோணத்தைத் தாங்குகிறது. எனவே நாணின் நீளம், விட்டத்தை சைன் 36 பாகையால் பெருக்கக் கிடைப்பது. அதாவது நாணை 1.701 ஆல் பெருக்கினால் விட்டம் வந்துவிடும். துளையின் மையத்தைத் தேடி அலையவும் வேண்டாம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே நீளம்தான்.

வண்டியில் அளந்தோம்: 82.1 மி.மீ. பெருக்கினால் 139.7 மி.மீ. வாங்கி வந்த சக்கரத்திலும் அதுவே. மாணவரின் முகம் மலர்ந்தது.

139.7 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? 25.4 ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக ஐந்தரை அங்குலம்! 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லீஸ் ஜீப்பிலும் ஐந்து ஸ்டட்டுகள் இதே ஐந்தரை அங்குல வட்டத்தில்தான் அமைந்திருந்தன.

இந்த அளவில் 'ஏறக்குறைய' என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு துளைக் கார்களில் மாருதி ஸ்விஃப்டுக்கு 100 மி.மீ., பழைய ஃபியட்டுக்கு 98 மி.மீ. வித்தியாசம் இரண்டே மி.மீ. அழுத்தித் திருகினால் மாட்டிக்கொள்ளவும் கூடும்! ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மி.மீ. வளைந்த நிலையில் இழுபடும். சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் அந்த வளைவு மாறிமாறி வருத்தும். மாட்டவே முடியாத சக்கரத்தைவிட, மாட்ட முடிந்த இந்தச் சக்கரமே ஆபத்தானது.

இரண்டாவது, நடுத்துளை. டயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ் இரண்டுமே ஆறு ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம். ஆயினும் ஹைலக்ஸின் நடுத்துளை சுமார் 106 மி.மீ., டி-மேக்ஸுக்குச் சுமார் 100. ஆகவே டி-மேக்ஸ் சக்கரம் ஹைலக்ஸ் ஹப்பில் நுழையாது. மாறாக மாட்டினால் நுழையும், ஆனால் ஹப்பின்மேல் சரியாக அமராமல் தளர்ந்து நிற்கும். நம் மாணவரின் சக்கரம் இதிலும் தேறிவிட்டது.

மூன்றாவதில்தான் சிக்கல் தொடங்கியது. ஹப்பில் படியும் முகம், ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டியதில்லை. நடுக்கோட்டிலிருந்து அது வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி நிற்கிறதோ, அதையே சக்கரத்தில் 'ஈ.டி.' என்று பொறித்திருப்பார்கள். பழைய டிஸ்க்கின் அகலம் 6 அங்குலம், ஈ.டி. 30. புதியது 8 அங்குலம், ஈ.டி. 10. கணக்கைப் போடுவோம். பழையதில் பாதி அகலம் 76.2 மி.மீ. எனவே ஹப் முகத்திலிருந்து ரிம் உட்புறம் 106.2 மி.மீ.யும், வெளிப்புறம் 46.2 மி.மீ.யும் நீண்டிருந்தது. புதியதில் பாதி அகலம் 101.6; உட்புறம் 111.6, வெளிப்புறம் 91.6. அதாவது உள்ளே 5 மி.மீ.க்குச் சற்று அதிகம், வெளியே 45 மி.மீ.!

வெளியே நீட்டிய டயர் மட்கார்டைத் தாண்டி நிற்கும். வெறும் வண்டியில் உரசாது. சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதும் உரசும். உரசிய ரப்பர் சூடேறும். மேலே இருப்பது பருத்தி மூட்டையானாலே கவலைப்பட வேண்டும். இவர் ஏற்றுவதோ பட்டாசு. இதை நான் சொல்லி முடிக்குமுன்பே மாணவர் சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஈ.டி. 20 மி.மீ. குறைந்தால், சுமை இறங்கும் கோடு அந்த அளவு வெளியே நகர்கிறது. சுமையோடு 3000 கிலோ எடையுள்ள வண்டியில் ஐந்தில் மூன்று பங்கு பின்னால் விழுவதாகக் கொண்டால், ஒரு பின்சக்கரத்துக்கு 900 கிலோ. விசை 8820 நியூட்டன். அதை 0.02 மீட்டரால் பெருக்க, பேரிங்கின்மேல் கூடும் திருப்புத்திறன் சுமார் 176 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 18 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல! பேரிங் விரைவில் தேய்வதில் வியப்பென்ன?

இப்போது சக்கரத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். தாங்கக்கூடிய உச்சச் சுமையை அச்சிலேயே வார்த்திருந்தார்கள்: 690 கிலோ. தேவையோ 900. வழக்கு இங்கேயே தீர்ந்தது என்றாலும், சப்பாத்தி மாவு வீணாக வேண்டாமே என்று அதையும் செய்துகாட்டினேன். பிரேக் காலிப்பரின்மேல் மாவுருண்டைகளை ஒட்டி, சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசுங்கிய மாவின் தடிமனே இடைவெளியின் அளவு. 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாட்டச் சொல்லமாட்டேன்.

"நட்டு ஒன்றும் பிரச்சினை இல்லையே சார்?" என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. வண்டியின் எடையை ஸ்டட்டுகள் தாங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தாங்குவது உராய்வு! 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது சுமார் 45,800 நியூட்டன் விசையோடு சக்கரத்தை ஹப்பின்மேல் அழுத்துகிறது. ஐந்து நட்டுக்கும் 2,29,000. உராய்வுக் குணகம் 0.15 என்று குறைவாகவே கொண்டாலும் 34,000 நியூட்டன் வரை வழுக்காது. சக்கரத்தின் சுமையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நட்டின் கூம்பும் துளையின் கூம்பும் பொருந்தாவிட்டால் மெல்லிய வளையம் ஒன்றே தொடும், மென்மையான அலுமினியம் நசுங்கும், அழுத்தம் போய்விடும். புரியிடைத் தூரமும் முக்கியம். திருகு அளவியில் படித்தீர்களே, அதே சொல்தான். 1.5 மி.மீ. புரியுள்ள 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும்; அப்போதுதான் 12 மி.மீ. நீளம் பற்றும். அலாய் சக்கரத்தின் தடித்த முகம் இதைத் தின்றுவிடுவதுண்டு. சுற்றுகளை விரலால் எண்ணிப் பாருங்கள்.

டயரை மாற்றுவோருக்கும் ஒரு கணக்கு. 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 703.5 மி.மீ. அதற்குப் பதில் 235/75 மாட்டினால் 733.5. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.6 கி.மீ. வேகத்தில் போகும்.

தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது.

மாணவர் சக்கரங்களை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். போகும்போது, "ஸ்டெப்னிக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கட்டுமா சார்?" என்றார். ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் ஒரு தெருவின் பெயர். அங்கே 1904இல் உதிரிச் சக்கரம் செய்யத் தொடங்கியவர்களால் அச்சொல் நம் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்தது என்று சொன்னேன். பிறகு, பாதி வழியில் பஞ்சரானால் அந்த ஸ்டெப்னியும் 900 கிலோவைத்தானே தாங்க வேண்டும் என்று கேட்டேன். நான்கையும் ஏற்றிக்கொண்டு போனார்.