நீங்காத வாசனை

ஆல்பர்ட் பௌர் என்னும் ஜெர்மானிய ரசாயனி, 1888-ஆம் ஆண்டில், டி.என்.டி. என்ற வெடிமருந்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தாம் தேடிய வெடிவேகத்துக்குப் பதிலாகக் கஸ்தூரியின் பரிமளம் கமழும் ஒரு திரவியத்தை அடைந்தார். கஸ்தூரி மானைக் கொல்லாமலே மலிவாகச் செய்யக்கூடிய அந்த வர்க்கத்து வாசனைகள், நாளடைவில், சீமாட்டிகளின் அத்தர்க் குப்பிகளோடு நில்லாமல், சாமானியரின் சோப்பிலும் சலவைத் தூளிலும் புகுந்துவிட்டன.

வாசனைப் பொருளொன்று மனிதருக்குத் தீங்கற்றதா என்று நிச்சயிக்கப் புகுவோர், பிராணிகளுக்குக் கெடுதி விளைவிக்காத அதிகபட்ச அளவைக் கண்டறிந்து, மிருகத்துக்கும் மனிதனுக்கும் உள்ள பேதத்தை உத்தேசித்துப் பத்தாலும், மனிதருக்குள்ளேயே வலியவரும் மெலியவரும் உண்டென்பதை உத்தேசித்து மீண்டும் பத்தாலும், ஆக நூறால் அதை வகுத்து, நாள்தோறும் உடலில் சேரும் அளவு அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். சருமத்துக்குத் தனிப் பரீட்சை உண்டு. இவற்றில் தவறியது, பௌர் கண்ட வர்க்கத்தைச் சேர்ந்த மஸ்க் அம்ப்ரெட்: எலிகளின் நரம்புகளை அது கெடுத்தது, அது கலந்த தைலத்தைப் பூசிய முகத்தில் வெயில் பட்டதும் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் கண்டன.

அதன் உடன்பிறப்பாகிய மஸ்க் சைலீனின் கதை வேறு. துணி துவைத்த நீரோடு சாக்கடையில் இறங்கி, சுத்திகரிப்பு நிலையங்களிலும் முழுதும் அழியாமல் ஆற்றை அடைந்து, நீரில் கரையாது கொழுப்பையே நாடும் தன் சுபாவத்தால் அது மீன்களின் உடலில் குடியேறிற்று. டோக்கியோவை ஒட்டி ஓடும் தாமா நதியின் மீன்களில் அது இருப்பதை 1981-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பின்னர் ஜெர்மனியில் தாய்ப்பாலிலும் அதைக் கண்டார்கள்.

நீரில் பாதியாகக் குறைய 60 நாட்களுக்கு மேல் பிடிப்பதும், நீரில் உள்ளதைவிட 5,000 மடங்குக்கு மேல் மீனுடலில் திரள்வதுமான பொருளை, அது விஷமென்று நிரூபணமாகும்வரை காத்திராமலே கட்டுப்படுத்தலாம் என்பது ஐரோப்பியச் சட்டம். மஸ்க் சைலீன் 2008-இல் அத்தகைய பொருள்களின் பட்டியலில் ஏறியது. 2014 ஆகஸ்டு 21-க்குப் பின், தனி அனுமதியின்றி அங்கே அதை விற்பதும் பயன்படுத்துவதும் தடைபட்டன.

குற்றம் ருசுவாகுமுன் தண்டனையா என்று சிலர் கேட்கலாம். எளிதில் சிதையும் பொருளின் தீங்கு பிற்பாடு தெரியவந்தால், உற்பத்தியை நிறுத்தியதும் அதுவும் விரைவில் ஓய்ந்துவிடும். சிதையாத பொருளோ, ஆலையை இழுத்து மூடிய பிறகும் ஆற்றிலும் உயிர்களிலும் நெடுங்காலம் தங்கியிருக்கும். ஆகவே, துணியில் நெடுநாள் நிற்கிறதென்று வியாபாரி பெருமையாகச் சொல்லும் அதே குணத்தை விஞ்ஞானி சந்தேகத்தோடு பார்க்கிறார். பழைய கஸ்தூரிகளின் இடத்தைப் பிடித்த காலக்ஸோலைடு முதலியவையும் நதிகளில் தென்படுவதால், அவற்றையும் அவர் அவ்வாறே விசாரித்து வருகிறார்.