லெப்டினன்ற் ஷ்மித்: வரலாற்று மனிதரும் இலக்கியத் தலைவரும்

1

வரலாற்றில் வாழ்ந்த ஒருவர் இலக்கியப் பாத்திரமாகும்போது அவரிடமிருந்து சில இயல்புகள் களையப்படுகின்றன. வேறு சில அவர்மீது ஏற்றப்படுகின்றன. களையப்பட்டவை எவை, ஏற்றப்பட்டவை எவை என நுணுகி நோக்குவோமாயின், அப்பாத்திரத்தை வேண்டி நின்ற சமூகத்தின் தேவைகளையும் இனங்கண்டு கொள்ளலாம். ஆளும் வர்க்கத்தின் படையிலிருந்து விலகி மக்கள் பக்கம் சேரும் அதிகாரி, இடதுசாரி இலக்கியத்திற் பலமுறை இடம்பெற்ற ஒரு பாத்திரமாகும். ருஷ்யக் கருங்கடற் படையைச் சேர்ந்த லெப்டினன்ற் ஷ்மித் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவரையும் அவரையொத்த அதிகாரிகளையும் பற்றிய ஆக்கங்கள் சிலவற்றை ஒப்புநோக்கி, போராட்டத்தின் தலைமை எங்கிருந்து தோன்றுகின்றது என்ற வினாவுக்கு அவை தந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் வரலாற்றுச் செய்திகளைச் சுருக்கமாகக் காண்போம். (1905, 1906ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின் திகதிகள் அக்கால ருஷ்ய நாட்காட்டியின்படி தரப்படுகின்றன.)

பியோத்தர் பெத்ரோவிச் ஷ்மித் 1867இல் ஒடெஸ்ஸாவிற் பிறந்தவர். தந்தையார் கிரைமியப் போரிற் செவஸ்தபோலைக் காத்துநின்று, பின்னர் அட்மிரல் பதவிவரை உயர்ந்தவர். மகனும் தலைநகரின் கடற்படைக் கல்லூரியிற் பயின்று 1886இல் வெளியேறினார். பின்னர் படையைவிட்டு நீங்கி வணிகக் கப்பல்களிற் பணிபுரிந்தார். ருஷ்ய–யப்பானியப் போர் மூண்டதும் 1904இல் மீண்டும் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டார்.

அக்காலக் கடற்படையின் வர்க்க அமைப்பினை இவ்விடத்து மனங்கொள்ளுதல் அவசியம். அதிகாரிகள் பெரும்பாலும் பிரபு குலத்தினர். ஆனால் நீராவிக் கப்பலின் இயந்திரங்களையும் பீரங்கிகளையும் இயக்கத் தொழிற்றிறனும் எழுத்தறிவும் உடையோர் தேவைப்பட்டனர். ஆகவே தரைப்படையிலும் பார்க்கக் கடற்படையிலே தொழிலாளர் வழிவந்தோர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலையின் முரண்பாடு, தப்பிச் செல்ல இடமற்ற கப்பற்றளத்திற் படைக் கட்டுப்பாட்டின் கொடுமையோடு சேர்ந்து கூர்மையடைந்தது. 1905 யூனில் ‘பொதெம்கின்’ கப்பலில் எழுந்த கிளர்ச்சிக்கு இதுவே அடிப்படை. அங்குத் தலைமை தாங்கியோர் சாதாரண மாலுமிகளே.

அவ்வாண்டு ஒக்ரோபரில், அரசியற் கைதிகளை விடுவிக்கக் கோரிச் செவஸ்தபோற் சிறைச்சாலைக்குச் சென்ற மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது. இறந்தோரின் சவ அடக்கத்தில் ஷ்மித் ஆற்றிய உரை அவரை நகரெங்கும் அறியச் செய்தது. அவர் கைதுசெய்யப்பட்டார், தொழிலாளர்கள் அவரைத் தம் சோவியத்துக்கு ஆயுட்காலப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்தனர். நவம்பர் 11ஆம் திகதி மாலுமிகளின் எழுச்சி தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் ஷ்மித் அல்லர். அப்போது அவர் படையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். எக்கட்சியிலும் உறுப்பினராக இருக்கவில்லை. மாலுமிகளின் அழைப்பை ஏற்று 14ஆம் திகதி ‘ஒச்சக்கோவ்’ போர்க்கப்பலில் ஏறினார். மறுநாட் காலை செங்கொடி உயர்த்தப்பட்டது. கடற்படைக்குத் தாமே தலைமை தாங்குவதாக அவர் சமிக்ஞை செய்தார்.

ஒச்சக்கோவ் கட்டுமானம் முற்றாக நிறைவுறாத புதிய கப்பல். மாலுமிகளோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அதிலே பணிபுரிந்தனர். பெயர் மாற்றப்பட்டிருந்த பொதெம்கினும் எழுச்சியின் பக்கம் நின்றது. ஆனால் முன்னெச்சரிக்கையாக அதன் பீரங்கிகள் ஏலவே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. அன்று பிற்பகலே அரச பீரங்கிகள் ஒச்சக்கோவைத் தீக்கிரையாக்கின. 1906 மார்ச் 6ஆம் திகதி பெரெஸான் தீவில் ஷ்மித் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சஸ்னிக், அந்தொனென்கோ, கிளத்கோவ் என்னும் மூவரும் மடிந்தனர். அம்மூவரும் அதிகாரிகள் அல்லர், கீழ்த்தரங்களிலிருந்து வந்தோர். பிற்காலம் முதலாமவரின் பெயரை நினைவிற் கொண்ட அளவுக்கு ஏனைய மூவரின் பெயர்களைக் கொள்ளவில்லை என்பது எமது ஆய்வுக்கு முக்கியமான உண்மையாகும்.

3

நிகழ்ச்சியை முதலில் எழுத்திற் பதித்தவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் குப்ரின். அருகிலிருந்த பலக்லாவாவில் வாழ்ந்த அவர், எரியும் கப்பலை நேரிற் கண்டு எழுதிய கட்டுரை 1905 டிசெம்பரில் தலைநகர்ப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. கப்பலோடு எரியும் மாலுமிகளும் கரையில் நின்று பார்க்கும் மக்களுமே அதன் மையம். தனியொரு வீரரை உருவாக்கும் நோக்கம் அதில் இல்லை. கருங்கடற் படையின் தலைவரான அட்மிரல் சுக்னின் குப்ரினைச் செவஸ்தபோற் பகுதியிலிருந்து வெளியேற்றியதோடு வழக்கும் தொடுத்தார்.

இருபது ஆண்டுகளின் பின்னர் பொரிஸ் பாஸ்ரர்நாக் 1926–27இல் ‘லெப்டினன்ற் ஷ்மித்’ என்னும் நெடுங்கவிதையை இயற்றினார். புகைவண்டிப் பயணமொன்றிற் சுமார் நாற்பது நிமிடங்களே சந்தித்த ஒரு பெண்ணுக்கு ஷ்மித் எழுதிய கடிதங்கள் அதற்குள் நூலுருப் பெற்றிருந்தன. பாஸ்ரர்நாக் அவற்றைப் பெரிதும் பயன்படுத்தினார். இதனாற் காவியத்தின் கவனம் எழுச்சியிலிருந்து எழுச்சிக்குள் இழுக்கப்படும் மனிதனின் உள்ளத்துக்கு மாறுகின்றது. ஷ்மித் இங்கு நிகழ்ச்சிகளை நடத்துபவரல்லர். வரலாறு தம்மைத் தெரிவுசெய்துவிட்டது என உணர்ந்து அதற்குத் தம்மை ஒப்புக்கொடுப்பவர். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயேவா 1926இல் எழுதிய கடிதங்களில் இச்சித்திரத்தை ஏற்க மறுத்தார். அவர் எதிர்பார்த்தது வீரனை. பாஸ்ரர்நாக் தந்ததோ தயக்கமும் உணர்ச்சிப் பெருக்கும் நிறைந்த புத்திஜீவியை.

இம்முரண்பாட்டை வெறும் இரசனை வேறுபாடாகக் கொள்ளலாகாது. தம் வர்க்கத்திலிருந்து விலகி வருபவர் அதன் மனப்பாங்குகள் அனைத்தையும் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறுவதில்லை. படைபலம் பற்றிய கணிப்பிலும் பார்க்கத் தார்மீகத்தின் வலிமையில் நம்பிக்கை வைத்தல், சார் மன்னனுக்கே தந்தியனுப்பி மக்களாட்சி கோருதல், தியாகத்தைத் தனிமனித நிறைவாகக் காணுதல் ஆகியன மத்தியதர வர்க்கப் புத்திஜீவியின் அடையாளங்கள். இவற்றை மறைக்காது காட்டியமை பாஸ்ரர்நாக்கின் யதார்த்த நோக்கிற்குச் சான்று. ஆயின் அவரை அழைத்த மாலுமிகள் முகமற்ற பின்னணியாகத் தேய்ந்துவிடுகின்றனர்; இது காவியத்தின் எல்லை. புத்திஜீவி ஏன் அழைப்பை ஏற்றார் என்பதை அது நுட்பமாக விளக்குகின்றது. மாலுமிகள் ஏன் அவரை அழைத்தனர் என்ற வினா விடையின்றியே நிற்கின்றது.

4

இதன் மறுதுருவத்தில் நிற்பது ஐசன்ஸ்ரைனின் ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ திரைப்படம் (1925). அதில் அதிகாரிகள் ஒடுக்குமுறையின் முகங்கள். மாலுமிக் கூட்டமே நாயகன். கிளர்ச்சிக்கு வித்திடும் வக்குலின்சுக் கதையின் தொடக்கப் பகுதியிலேயே கொல்லப்படுகின்றான். ஆயினும் போராட்டம் தளர்வதில்லை. இவ்வமைப்பில் வர்க்கம் விட்டு வர்க்கம் சேரும் அதிகாரிக்கு இடமே இல்லை.

இவ்விரு துருவங்களுக்கும் இடையிலான உறவைச் சிந்தித்த படைப்பாக பொரிஸ் லவ்ரென்யோவின் ‘பிளவு’ (1927) நாடகத்தைக் கொள்ளலாம். ஒக்ரோபர்ப் புரட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி மேடையேறிய இந்நாடகத்தில் ‘ஸார்யா’ என்ற கற்பனைக் கப்பலின் தலைவர் பெர்சேனெவ் முதிர்ந்த கடற்படை அதிகாரி. அவருடைய மருமகனும் அதிகாரியே. அவனோ கப்பலைத் தகர்க்கும் சதியிற் பங்காளி. பிளவு நாட்டில் மட்டுமன்றி ஒரே குடும்பத்தின் உள்ளேயும் ஓடுகின்றது. பெர்சேனெவ் புரட்சியின் பக்கம் சேருகின்றார். ஆனால் அதன் தலைவராவதில்லை. தலைமை மாலுமிகள் குழுவிடமும் அதன் தலைவன் கதூனிடமும் உள்ளது. பெர்சேனெவ் கொண்டுவருவது கடலறிவும் தொழிலறிவும். அவற்றை அவர் அக்குழுவின் பணிக்கு ஒப்படைக்கின்றார்.

1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையில் மார்க்சும் எங்கெல்சும் ஆளும் வர்க்கத்தின் ஒரு சிறு பகுதி தன்னைத் துண்டித்துக்கொண்டு புரட்சிகர வர்க்கத்தோடு சேர்வதைப் பற்றிப் பேசினர். அவ்வாறு சேர்பவர் எத்தகைய இடத்தைப் பெறவேண்டும் என்பதே நடைமுறைச் சிக்கல். 1905இல் மாலுமிகள் ஷ்மித்தை நாடியதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. கப்பலணியை நடத்தும் அறிவை அதிகார வர்க்கம் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அதனை உடைக்க அவர்களுக்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டார். பாஸ்ரர்நாக்கின் காவியத்தில் விடையின்றி நின்ற வினாவுக்கு இதுவே பொருளியல் விடை. லவ்ரென்யோவின் நாடகம் இவ்வுறவைச் சரியாக இனங்கண்டது. எனினும் ஷ்மித்தின் உள்முரண்பாடுகளுக்கு இணையான ஆழம் பெர்சேனெவிடம் இல்லை எனலாம்.

5

ஒருவர் வீரராக நிலைநிறுத்தப்பட்ட பின்னர் அவரது பெயருக்கு என்ன நேர்கின்றது? இதற்கு விடை தந்தது அங்கத இலக்கியமே. 1917 மேயில் ஷ்மித்தின் எச்சங்கள் செவஸ்தபோலுக்குக் கொண்டுவரப்பட்டன. 1918இல் பெத்ரோகிராட்டின் பாலமொன்று அவர் பெயரைப் பெற்றது. இல்ஃப், பெத்ரோவ் ஆகியோரின் ‘தங்கக் கன்று’ (1931) நாவலிலே ஒஸ்தாப் பெந்தர் என்னும் எத்தன் ஷ்மித்தின் மகனென்று கூறி நகர நிர்வாகத் தலைவரிடம் பணம் பெறுகின்றான். அத்தருணத்தில் இன்னொரு ‘மகனும்’ வந்துசேருகின்றான். இத்தகைய போலிப் பிள்ளைகள் நாட்டையே 34 பிரிவுகளாகப் பங்கிட்டுள்ளனர் என்பதும் தெரியவருகின்றது. தந்தை பெயரை வினவும்போது பெந்தரால் விடைகூற முடியவில்லை. இக்காலத்தவர் வீரர்களின் பெயர்களை அறியார் எனக் குறைகூறித் தப்பிவிடுகின்றான்.

இந்நகைச்சுவை ஷ்மித்தை நோக்கியதன்று. தியாகத்தைக் குடும்பச் சொத்தாகவும், புரட்சியைப் பிறப்புரிமைச் சான்றிதழாகவும் கருதும் நிர்வாக மனப்பாங்கே இதன் இலக்கு. உண்மை வாழ்வும் இதனையே உணர்த்துகின்றது. ஒச்சக்கோவில் தந்தையோடு நின்ற பதினாறு வயது மகன் யெவ்கேனி, உள்நாட்டுப் போரில் வெண்படையின் பக்கம் நின்று, இறுதியில் பாரிஸிற் காலமானார். வர்க்கச் சார்பு இரத்தத்தின் வழி வருவதன்று; அது ஒவ்வொருவராலும் தேர்ந்து கொள்ளப்படுவது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. தலைவரை மட்டும் காட்டும் இலக்கியம் அவரை அழைத்தவர்களை மறைக்கின்றது. கூட்டத்தை மட்டும் காட்டும் இலக்கியம் வர்க்கம் மாறி வருபவரின் வேதனைமிக்க பயணத்தை விட்டுவிடுகின்றது. தனிமனித வழிபாட்டையும் வரட்டுச் சூத்திரத்தையும் ஒருங்கே தவிர்க்க விரும்பும் முற்போக்கு விமர்சனம், இத்தகைய பாத்திரம் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் எதனைத் துறந்து வந்தார், எதனைச் சுமந்து வந்தார், யாருடைய அழைப்பின்பேரில் வந்தார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பெரெஸான் தீவில் அவரோடு நின்ற மூவரையும் இலக்கியத்தினுள் கொண்டுவருவதற்கு மூன்றாவது வினாவே வழி.