2 ஜிபி லேப்டாப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது

மூணாறு எஸ்டேட் லயங்களில் இப்படி ஒரு லேப்டாப்பைப் பார்த்திருப்பீர்கள். போடியிலோ தேனியிலோ படித்த அக்கா மகன், தமிழ்நாடு அரசு கொடுத்ததை, வேலை கிடைத்து புதுசு வாங்கியதும் இங்கே பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போயிருப்பான். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு அதை ஆன் செய்து, டீ போட்டுக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "வயசாயிடுச்சு, தூக்கிப் போடு" என்கிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்த ப்ராசஸர் அன்றைக்குப் போட்ட கணக்கை இன்றைக்கும் அதே வேகத்தில்தான் போடுகிறது. தடங்கல் வேறு இடத்தில்.

ராம் என்பது அடுப்பு மேடை, ஹார்ட் டிஸ்க் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்க வேண்டியதெல்லாம் மேடையில் இருந்தால் கை நீட்டினால் போதும். மேடை நிரம்பிவிட்டால், ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க முடியும். கம்ப்யூட்டர் இதைச் சொல்லாமல் செய்கிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர நொடியில் நூறில் ஒரு பங்கு. சிறியதுபோலத் தெரியும், ஆனால் லட்சம் மடங்கு வித்தியாசம். உங்கள் மெஷின் பாதி நேரம் ஏற்றி இறக்கிக்கொண்டேதான் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸ் 10 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100, சிபியு மட்டும் சும்மா 15இல் கிடந்தால் நோய் இதுதான். அங்கேயே ஸ்டார்ட்டப் பகுதியில், ஆன் செய்தவுடன் தானாக எழுந்து உட்காரும் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. தெரிந்த பெயர்களில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதிக்கும். பிரவுசரில் பத்து டேப் திறந்து வைக்காதீர்கள். கனமான பக்கம் ஒன்றே சில நூறு எம்பி தின்னும். ராமைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் இலவச சாஃப்ட்வேர் மட்டும் வேண்டவே வேண்டாம். மேடையில் இருப்பதையெல்லாம் பரணில் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் அதன் வேலை. அடுத்த நிமிடம் எல்லாம் திரும்ப இறங்கி வர வேண்டும்.

பணம் செலவழிப்பதானால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. அதில் சுழலும் தட்டே கிடையாது, தேடும் நேரம் நொறுங்கிவிடுகிறது. அடுத்து ராம். பழைய ராம் கட்டையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய், அதே வகையில் 4 ஜிபி கேளுங்கள். ஆனால் ஒன்று: உங்களுடையது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால், 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. இது தெரியாமல் காசு போட்டுவிட்டு ஏமாறக்கூடாது. கழற்றும்போது ராமின் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். நம்ம ஊர் மழைக்கால ஈரத்தில் மங்கலாகப் படிந்திருக்கும். பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால், தானாக ஆஃப் ஆகும் தொல்லைகூட சில மெஷின்களில் நின்றுவிடும்.

பிறகு விண்டோஸ். 7க்கு 2020 ஜனவரியிலும், 10க்கு 2025 அக்டோபர் 14இலும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பை நிறுத்திவிட்டது. 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும், இந்தப் பழைய மெஷின்களில் இல்லாத டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். அதனால் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தொடுவதே அதுதான். 2001இல் ஐடி அட் ஸ்கூலாகத் தொடங்கி 2017இல் கைட் ஆன கேரள அரசு அமைப்பு, உபுண்டு லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தயாரித்ததைத்தான் பள்ளி கம்ப்யூட்டர்களில் ஓட்டுகிறது. அரசு லேப்டாப்பிலேயே விண்டோஸ் பக்கத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததே, யாரும் திறந்து பார்த்ததில்லை.

2 ஜிபிக்கு லுபுண்டு போன்ற லேசான லினக்ஸ் வகை பொருந்தும். 64 பிட் ப்ராசஸரா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகள் 32 பிட்டுக்கு வருவதில்லை. பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, சவுண்ட் வருகிறதா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று ஒரு சாயங்காலம் சோதியுங்கள். பிடித்தால், கல்யாண போட்டோக்களையும் சர்டிஃபிகேட் ஸ்கேன்களையும் வேறொரு டிரைவில் காப்பி எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.