மரத்தின் முதல் காவல் செல்லுக்கு வெளியே

பாப்லர் மரத்தின் இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களுக்கு நடுவே நிறைய இடைவெளி தெரியும். அது வெறும் இடமல்ல. செல்சுவர்கள், அவற்றை நனைத்திருக்கும் நீர்ப்படலம், வேரிலிருந்து நீர் ஏறும் சைலம் குழாய்கள் எல்லாம் சேர்ந்த இந்தப் புறவெளிக்கு 1930-இல் 'அப்போபிளாஸ்ட்' என்று பெயரிட்டவர் ஜெர்மானிய வன அறிவியலாளர் எர்ன்ஸ்ட் முன்ச். வறட்சி, உப்பு, உறைபனி, மாசுக்காற்று என எது வந்தாலும் மரத்தில் அது முதலில் தொடுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். செல் தயாரித்து வெளியே அனுப்பும் புரதங்கள் அங்கே காத்திருக்கின்றன.

ஓசோனை எடுத்துக்கொள்வோம். இலைத்துளை வழியாக நுழையும் அந்த வாயு, நீர்ப்படலத்தில் பட்டதும் சிதைந்து, செல்லை அரிக்கக்கூடிய ஆக்சிஜன் வடிவங்களாக மாறுகிறது. அவற்றில் ஒன்றான சூப்பராக்சைடை ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதுவும் மிகுந்தால் நஞ்சுதான். ஆனால் பெராக்சிடேஸ் என்னும் இன்னொரு நொதி அதையே பயன்படுத்தி லிக்னின் என்னும் பொருளின் மூலக்கூறுகளைப் பிணைத்துச் செல்சுவரை இறுக்குகிறது. தாக்க வந்ததையே கட்டுமானத்துக்குச் செலவிடும் இந்த ஏற்பாடு என்னை வியக்கவைக்கிறது. எஞ்சும் சிறிதளவு பெராக்சைடு, ஆபத்து வந்திருப்பதைச் செல்லுக்குள் தெரிவிக்கும் சமிக்ஞையாகவும் ஆகிறது.

சுவரைத் தளர்த்தும் புரதமும் உண்டு. எக்ஸ்பான்சின் எனப்படும் அதை 1992-இல் வெள்ளரி நாற்றுகளில் அடையாளம் கண்டது அமெரிக்காவின் டேனியல் காஸ்குரோவ் குழு. வறட்சியில் இலை வளராமல் நின்றாலும் வேர்நுனி நீரைத் தேடி நீளுமானால், அங்கே சுவர் நெகிழ்ந்து கொடுத்தாக வேண்டும்.

இதே புறவெளியில் இருக்கும், பூஞ்சையின் சுவரை உடைக்கும் கைட்டினேஸ் என்னும் நொதி, கிருமியே இல்லாத வறட்சியிலும் குளிரிலும்கூடப் பெருகுவதுண்டு. குளிர்கால ரை பயிரில் இந்த இனப் புரதங்கள் பனிப்படிகத்தில் ஒட்டிக்கொண்டு அது பெரிதாவதைத் தடுக்கின்றன.

இவற்றை ஆராய்வது எளிதல்ல. இலைக்குள் வெற்றிடம் மூலம் கரைசலை ஏற்றி, மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றி வெளிச்சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். செல் ஒன்று உடைந்தாலும் உள்ளேயுள்ள புரதம் கலந்துவிடும். 2006-இல் பாப்லரின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. மரங்களில் அதுவே முதல். கிடைக்கும் புரதம் எந்த மரபணுவின் விளைவு என்று அறிவது அதன்பின் எளிதாயிற்று.

பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் ஒட்டுப்பலகைக்காக வளர்ப்பதும் பாப்லர்தான். தண்ணீரை நிறையக் குடிக்கும் மரம் அது. அங்கே புதிய ரகம் தேர்ந்தெடுப்பவர்கள் தண்டின் பருமனையும் வளரும் வேகத்தையும் மட்டும் அளந்தால் போதாது. தண்ணீர் குறையும்போது இலையின் வெளிச்சாற்றில் என்னென்ன புரதங்கள் கூடுகின்றன என்பதையும் சோதித்தே ரகத்தை முடிவு செய்ய வேண்டும்.