அனுப்பாமல் கிடந்த காகிதம்

2012 நவம்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பேராசிரியர் ஒருவர் ‘லிங்கன்’ படம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். இந்தியாவிலிருந்து குடியேறி, நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறுவதுதான் படத்தின் உச்சக்கட்டம். அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் தந்த கதை என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. இணையத்தில் தேடினார். மாநிலங்களின் பட்டியலில் மிசிசிப்பியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

அந்தக் குறியின் கீழிருந்த குறிப்பு அவரைத் திகைக்க வைத்தது. 1865 டிசம்பரில் அந்தத் திருத்தத்தை நிராகரித்த மிசிசிப்பி, 130 ஆண்டுகள் கழித்து 1995இல்தான் ஒப்புதல் தந்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் நகலை முறைப்படி மத்திய அரசுக்கு அனுப்பவே இல்லை. அனுப்பாததால், சட்டத்தின் கண்ணில் அந்த ஒப்புதல் நடக்கவே இல்லை.

அவரும் அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நண்பரும் பழைய ஆவணத்தைத் தேடி எடுத்து, மாநில அரசின் செயலர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார்கள். 2013 ஜனவரி 30 அன்று நகல் வாஷிங்டனுக்குப் போனது. பிப்ரவரி 7 அன்று பதிவானது. ஒரு திரைப்படம் ஒரு மாநிலத்தின் பதிவேட்டையே திருத்திய அபூர்வம் இது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி, டோனி குஷ்னர் திரைக்கதை எழுதிய ‘லிங்கன்’ அதிபர் ஆபிரகாம் லிங்கனின் முழு வாழ்க்கைக் கதை அல்ல. மரவீட்டில் பிறந்த பிள்ளை, விறகு வெட்டிய இளைஞன், வழக்கறிஞர் என்று வளரும் காட்சிகள் இதில் இல்லை. பெரும்பாலும் 1865 ஜனவரி என்கிற ஒரே மாதத்துக்குள் படம் நின்றுவிடுகிறது. டேனியல் டே-லூயிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த அந்த லிங்கன் கூன் விழுந்த தோளும் மெல்லிய குரலுமாக, யாரிடம் எத்தனை வாக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

எண்ண வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவித்துவிடவில்லை. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. வடக்கின் பக்கம் நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களில் அடிமை முறை அப்படியே தொடர்ந்தது. மேலும் அது போர்க்கால ஆணை. போர் முடிந்தபின் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டால், விடுதலை பெற்றவர்களின் கதி என்ன? 1860 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்த நாடு அது. அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டால்தான் நிம்மதி என்று லிங்கன் நினைத்தார்.

அதற்குப் பிரதிநிதிகள் அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1864 ஜூனில் நடந்த முதல் முயற்சி தோற்றிருந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியிலிருந்து ஆட்களை இழுத்தாக வேண்டும். தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போகவிருந்த உறுப்பினர்களைப் பிடித்து, தபால் நிலையத் தலைமைப் பதவி போன்ற அரசு வேலைகளைக் காட்டி வாக்குக் கேட்கும் காட்சிகள் படத்தில் உண்டு. மாபெரும் அறச்செயல் ஒன்று பேரத்தின் வழியே நிறைவேறுவதைப் படம் மறைக்கவில்லை. 1865 ஜனவரி 31 அன்று ஆதரவு 119, எதிர்ப்பு 56. ஆதரவு வாக்குகளில் மூன்று எதிர்ப்பக்கம் மாறியிருந்தால் அன்றும் தோல்விதான்.

படத்தில் மிக ஆழமான இடம் லிங்கனுடையது அல்ல. டாமி லீ ஜோன்ஸ் நடித்த தாடியஸ் ஸ்டீவன்ஸுடையது. கறுப்பினத்தவருக்கு முழுச் சமத்துவம் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய பென்சில்வேனியா உறுப்பினர் அவர். அவையில் எதிரணி அவரைச் சீண்டுகிறது. எல்லாரும் எல்லாவற்றிலும் சமம் என்று அவர் வாய் திறந்து சொல்லிவிட்டால், தயங்கிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள். ஸ்டீவன்ஸ் பல்லைக் கடித்துக்கொள்கிறார். தான் கேட்பது சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்று சொல்லிவிட்டு உட்கார்கிறார். அந்த மாதம் அவர் இப்படிப் பேசியது உண்மை, அவைக்குறிப்பிலும் இருக்கிறது.

அது அவர் மனத்திலிருந்து வந்த பின்வாங்கல் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1868இல் அவர் இறந்தபோது, லங்காஸ்டர் நகரில் வெள்ளையரை மட்டும் ஏற்கும் கல்லறைகளைத் தவிர்த்து, எல்லா இனத்தாரையும் புதைக்கும் ஒரு சிறிய கல்லறையில் தன்னை அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். படைத்தவன் முன் மனிதர் சமம் என்பதை இறந்த பிறகாவது காட்டவே அந்த இடத்தைத் தேர்ந்ததாக அவருடைய கல்லறை வாசகம் சொல்கிறது. அவையில் விழுங்கிய வார்த்தையை அவர் கல்லில் வெட்டி வைத்தார்.

இனி, படம் காட்டாத பக்கம். திரையில் திருமதி லிங்கனுக்கு அருகில் எலிசபெத் கெக்லி என்ற கறுப்பினப் பெண் பெரும்பாலும் அமைதியாக உட்கார்ந்திருப்பார். உண்மையான கெக்லி, தையல் தொழில் செய்து, 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் அடிமைத்தளையிலிருந்து மீட்டவர். தப்பி வந்த அடிமைகளுக்கு உதவ வாஷிங்டனில் ஒரு சங்கமே தொடங்கியவர். படத்தில் அந்தக் கெக்லி இல்லை. லிங்கனை நேரில் சந்தித்து வாதாடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் ஒரு காட்சியில்கூட வரவில்லை. தங்கள் விடுதலைக்காகத் தாங்களே போராடியவர்கள் திரையில் காத்திருப்பவர்களாக மட்டுமே தெரிகிறார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. வடக்கின் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் துப்பாக்கி ஏந்தியிருந்தார்கள்.

இன்னொரு பிழையும் உண்டு. கனெக்டிகட் மாநில உறுப்பினர்கள் இருவர் திருத்தத்துக்கு எதிராக வாக்களிப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அம்மாநிலத்தின் நால்வரும் ஆதரித்தார்கள். படம் வந்தபோது அந்த மாநிலத்தின் பிரதிநிதியாக இருந்த ஒருவர் எழுதிக் கேட்க, குஷ்னர் மாற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்தத் திருத்தத்தின் வெளிச்சம் இந்தியா வரை வந்தது. 1873இல் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’யை எழுதியபோது, கறுப்பின அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே அந்த நூலைக் காணிக்கையாக்கினார். சாதியின் பிடியில் கிடந்த தன் மக்களுக்கும் அப்படியொரு விடிவு வரும் என்று நம்பினார்.

புலே நம்பிய அந்தத் திருத்தத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. அடிமைத்தனமோ கட்டாய உழைப்போ கூடாது என்று சொல்லும் அந்த வாசகம், நடுவே ஒரு விதிவிலக்கு வைக்கிறது: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கூடும். அந்த ஓட்டை வழியாகத் தென் மாநிலங்கள் விரைந்து நுழைந்தன. மிசிசிப்பி 1865 நவம்பரிலேயே ஒரு சட்டம் போட்டது. வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்ட முடியாத கறுப்பினத்தவர் ‘நாடோடி’. அபராதம் கட்ட முடியாவிட்டால் அவரை வாடகைக்கு விடலாம். பின்னர் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விடும் வியாபாரம் தெற்கெங்கும் பரவியது.

ஸ்டீவன்ஸ் கேட்ட ‘சட்டத்தின் முன் சமத்துவம்’ காகிதத்தில் அடுத்தடுத்து வந்தது. 1868இல் 14ஆவது திருத்தம் குடியுரிமையையும் சமப் பாதுகாப்பையும் தந்தது. 1870இல் 15ஆவது திருத்தம் வாக்குரிமை தந்தது. ஆனால் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் வழிமறித்தன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்குச் சற்று முன்புவரை, மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவு செய்ய முடிந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. சட்டம் வந்த இரண்டே ஆண்டுகளில் அது 60ஐ நெருங்கியது. அமல்படுத்த ஆள் வந்ததும் அதே மக்கள், அதே ஊர்களில், வரிசையில் நின்றார்கள்.

‘குற்றத்துக்குத் தண்டனையாக’ என்ற அந்த விதிவிலக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. லூசியானாவில் அங்கோலா என்றழைக்கப்படும் மாநிலச் சிறை 18,000 ஏக்கர் பரப்பு. முன்பு அது அடிமைகள் உழைத்த தோட்டம். அங்கே இன்றும் கைதிகள் வயலில் இறங்குகிறார்கள். மணிக்கு 2 சென்ட் என்கிற அளவில் கூலி தொடங்குகிறது. அலபாமா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பெரும்பாலான சிறை வேலைகளுக்கு அதுவும் கிடையாது.

மாற்றம் மாநிலம் மாநிலமாக நடக்கிறது. 2018இல் கொலராடோ வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலிருந்து அந்த விதிவிலக்கை நீக்கினார்கள். 2022இல் அலபாமா, டென்னஸி, ஓரிகன், வெர்மான்ட் அதே வழியில் போயின. லூசியானாவில் மட்டும் தோல்வி. வாசகம் குழப்பமாக இருக்கிறது என்று முன்மொழிந்தவரே எதிர்த்து வாக்களிக்கச் சொல்லும் நிலை வந்தது. 2024இல் நெவாடா ஏற்றது, கலிபோர்னியா மறுத்தது.

13ஆவது திருத்தத்திலிருந்தே அந்த விதிவிலக்கை எடுத்துவிட வேண்டும் என்ற முன்மொழிவு 2020இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பிறகு மீண்டும் வந்தது. அதற்கும் வழி லிங்கன் நடந்த வழிதான். 435 பேரும் வாக்களித்தால் பிரதிநிதிகள் அவையில் 290 வாக்கு. செனட்டில் 67. பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதல், ஒவ்வொன்றின் நகலும் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர வேண்டும்.