கீறலா, விரிசலா? – அலாய் வீலுக்கு நாமே செய்யும் வைத்தியம்



காரை ஓரங்கட்டும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பிளாட்பாரக் கல்லில் உரசி, பளபளவென்று இருந்த அலாய் வீலின் விளிம்பு கீறிக் கிடக்கும். கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. "வீலையே மாத்திடுங்க சார்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஆனால் மேலோட்டமான கீறல் என்றால் நம் கையாலேயே சரிசெய்துவிடலாம். செலவும் புது வீல் விலையோடு பார்த்தால் சொற்பம்தான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலாய் வீல் என்பது என்ன?

அலாய் என்றால் உலோகக் கலவை. கார் வீல்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ356 என்ற வகை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கனும், 0.3 சதவீத அளவில் மெக்னீசியமும் சேர்ந்தது. வார்த்த பிறகு சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 150–160 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்து எடுப்பார்கள். நம் உலோகவியல் பாடத்தில் வரும் டி6 வெப்பச் சிகிச்சை இதுதான். வீலுக்குப் பலம் வருவது இதனால்தான். 1924-ல் வந்த புகாட்டி டைப் 35 பந்தயக் காரே வார்ப்பு அலுமினிய வீலோடுதான் ஓடியது.

எஃகு வீல் பலமாக அடிபட்டால் வளையும். வார்ப்பு அலுமினியம் அவ்வளவு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீலின் மேல் பிரைமர், கலர், கிளியர் லேக்கர் என்று மூன்று பூச்சுகள் இருக்கும். கல்லில் உரசும்போது மூன்றும் போய் உலோகம் வெளியே தெரியும். அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் லேக்கரின் ஓரத்தில் புகுந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பக்கத்துப் பூச்சையும் கிளப்பிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

முதலில் பரிசோதனை

வீலைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவி, உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். கல்லில் உரசிய கீறல் வெளி விளிம்பில் இருக்கும். பள்ளத்தில் விழுந்து வரும் விரிசலோ பெரும்பாலும் உள்பக்க விளிம்பில் ஒளிந்திருக்கும். டயரில் அடிக்கடி காற்று இறங்கினாலோ, வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் உதறினாலோ சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகமுள்ள இடத்தில் பெயிண்டை எடுத்துவிட்டு, சாயம் ஊடுருவும் சோதனை செய்யலாம். சிவப்புச் சாயத்தை அடித்து, சுமார் பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். காந்தத் துகள் சோதனை இங்கே பயன்படாது, ஏனென்றால் அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது.

விரிசல், வளைவு, துண்டு பெயர்தல், டயர் உட்காரும் இடத்தில் சேதம், இவற்றில் எது இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செய்முறை

1. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிறகு ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

2. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். டயர் பாலிஷின் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

3. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் பழைய சீட்டுக்கட்டுச் சீட்டுகளைச் சுற்றிலும் செருகுங்கள். இதைவிடச் சுலபமான மறைப்பு கிடையாது! மற்ற இடங்களுக்குப் பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் போதும்.

4. தூக்கி நிற்கும் பிசிறைச் சிறு அரத்தால் எடுங்கள். பிறகு 240, 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். விரலால் தடவினால் பழைய பெயிண்ட் முடியும் இடம் தட்டக்கூடாது. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு துருக் கறை காட்டும்.

5. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அலுமினியத் தூள் கலந்த எபாக்சி புட்டியை மெல்லியதாக வைத்து, நன்றாக இறுகிய பிறகு 400, 800 என்று தேயுங்கள். புட்டி பள்ளத்தை நிரப்பும், பலம் கொடுக்காது.

6. அலுமினியத்துக்கான பிரைமரை 20–25 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதேபோல் கலர், கடைசியாக லேக்கர். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் வழிந்துவிடும். காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டு, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்யுங்கள்.

7. நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும், ஹப்பில் படியும் பரப்பிலும் பெயிண்ட் படக்கூடாது. அங்கே பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டி, எதிரெதிர் வரிசையில், காரின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். 50–100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

முன்பக்கம் லேத்தில் கடைந்து மின்னும் டைமண்ட் கட் வீலுக்கு இந்த முறை ஒத்துவராது. அதில் கடைந்த முகத்தின் மேல் வெறும் லேக்கர்தான் இருக்கும். கலர் அடித்தால் திட்டாகத் தெரியும். மறுபடி லேத்தில்தான் கடைய வேண்டும். ஒவ்வொரு தடவை கடையும்போதும் உலோகம் குறையும்.

செய்யவே கூடாதது

வீலைக் கேஸ் டார்ச்சால் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவது. இரும்பு போல அலுமினியம் சிவந்து காட்டாது. எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணுக்குத் தெரியாமலே டி6 பலம் போய்விடும். பார்வைக்கு வட்டமாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது.

நான் விடுமுறையில் வேலைக்குப் போகும் பட்டறைக்கு ஒருவர் வந்தார். வீலின் உள்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். "புட்டி போட்டு பெயிண்ட் அடிச்சுக் குடுங்க, வண்டிய விக்கப் போறேன்" என்றார். எங்கள் மேஸ்திரி அண்ணன், "சார், பெயிண்ட் அடிச்சா விரிசல் மறையும், போகாது. வாங்கிட்டுப் போறவரு வண்டியிலயும் புள்ளகுட்டிங்க உக்காருமே" என்று வீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வேறு வேலையும் வரவில்லை. ஆனாலும் அவர் மனம் மாறவில்லை.

நண்பர்களே, வாட்டர் பேப்பர் பிடிக்கப் பத்து நாளில் பழகிவிடலாம். "இது என்னால் ஆகாது, வேறு வீல் போடுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்குத்தான் படிப்பும் வேண்டும், துணிவும் வேண்டும். கையில் டிப்ளமோவோடு நாளை பட்டறைக்கோ தொழிற்சாலைக்கோ போகப்போகும் நாம் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம். வீட்டில் பழைய வீல் இருந்தால் இந்த விடுமுறையில் ஒன்றைச் செய்து பாருங்கள். வாழ்த்துக்கள்!